தம்பி மாற்றிய எஞ்சின்

வண்டியைத் தம்பியின் பட்டறைக்கு இழுத்துப் போக ஆள் வருவதற்குள், நான் தரையில் அட்டையை விரித்துப் படுத்து, கியர்பாக்ஸின் அடிவயிற்றில் சிவப்பு நகப்பாலிஷால் மூன்று புள்ளி வைத்தேன். பிறகு கைப்பேசியில் படம் எடுத்தேன். எஞ்சினை மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து இரண்டு, எங்கெல்லாம் எண் பொறித்திருந்ததோ அங்கெல்லாம் கிட்டப் போய் ஒவ்வொன்று. என் கணவர் வாசலில் காப்பிக் குவளையோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஒன் சொந்தத் தம்பி பட்டறைக்குத்தான் போவுது. ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

"தம்பியா இருந்தா என்னங்க? போமன் போமன்தான்."

எங்கள் பக்கத்தில் வண்டி பழுது பார்ப்பவரைப் போமன் என்போம். போமன்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. போமன்களை மட்டும் சொல்வானேன், யாரைப் பற்றியும் கிடையாது. தம்போயில் ஒரு தொழிற்சாலையில் வெளியிலிருந்து வந்து இறங்கும் உதிரிச் சாமான்களைச் சரிபார்ப்பது என் வேலை. புதுசு என்று ஒட்டிய பெட்டிக்குள் பழசு இருக்கும். நூறு என்று எழுதிய பெட்டியில் தொண்ணூற்றாறு இருக்கும். இதையே வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து என் கண் கெட்டுப்போய்விட்டது. மீன்கடையில் தராசின் அடியைக் குனிந்து பார்ப்பேன். கல்யாண வீட்டு மொய்க் கவரைக்கூட இரண்டு முறை ஒட்டுவேன். என்னோடு வேலை செய்யும் பெண்கள் நான் வருவதைப் பார்த்தால், "செக்கிங் வருது, செக்கிங் வருது" என்று கிசுகிசுப்பார்கள். கேட்டால் எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

வண்டி ஏழு பேர் உட்காரும் பழைய ஜப்பான் ஃபோர்வீல், ஆட்டோ கியர். பாலோ ஊரில் என் கணவருக்குக் கொஞ்சம் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. மழை பெய்துவிட்டால் உள்ளே போகும் செம்மண் பாதையில் சாதாரணக் கார், எங்கள் பேச்சில் காடி, ஒன்றும் ஏறாது. அதற்காகத்தான் அந்த வண்டியை வைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை பாலோவிலிருந்து திரும்பும்போது லாயாங் லாயாங் பக்கம் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. சூட்டு ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் கத்தினேன். "கடைத்தெரு வரைக்கும் போயிரலாம்" என்று இவர் ஓட்டினார். கடைத்தெருவில் வண்டி நின்றபோது எஞ்சினின் தலை விரிசல் விட்டிருந்தது.

இனித் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது இளையவன். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்து தம்போயில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டிருந்தான். நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் ஒருவழியாகக் கல்யாணம் கூடி வந்திருந்தது, பெண் லாயாங் லாயாங்கில். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சுப் போட்டதும், பெண்ணுக்குப் பின்னால் நின்று மற்ற இரண்டு முடிச்சையும் போட வேண்டியது மாப்பிள்ளையின் அக்கா. அவனுக்கு இருக்கும் ஒரே அக்கா நான். நிச்சயம் முடிந்த மறுநாளே அதற்கென்று பச்சைப் பட்டு எடுத்து வைத்துவிட்டேன். அந்த முடிச்சை நீ போடுவாயா என்பதே சந்தேகமாகிற ஒரு நாள் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், வாயைக் கழுவு என்றிருப்பேன்.

எஞ்சின் வாங்க அவனோடு நானும் போனேன். போகாமல் இருப்பேனா? ஹாஃப் கட் விற்கும் இடம் அது. ஜப்பானில் ஓடி முடித்த வண்டிகளை முன்சீட்டுக்குப் பின்னால் இரண்டாக அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். எஞ்சின், கியர், வயர், கம்ப்யூட்டர் எல்லாம் அந்தப் பாதியிலேயே இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே பாதிக் காடிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒன்றைத் தட்டிக் காட்டி, "கோட் சாமா லா, சிஸ். எல்லாம் சாமா" என்றார். எஞ்சின் கோடு ஒன்றுதான், எல்லாம் ஒன்றுதான் என்கிறார். நான் குனிந்து கோடு எண்ணைப் படித்தேன். ஒன்றேதான்.

தம்பி மட்டும் தலையை ஆட்டினான்.

"கோட் சரிதான்க்கா. ஆனா இது மேனுவல் காடியோட எஞ்சின். நம்பளது ஆட்டோ. ஆட்டோ ஹாஃப் கட் வர ஒன்றர மாசம் ஆவுமாம். ஒண்ணு காத்திருக்கணும். இல்லாட்டி இதையே எடுத்துட்டு, பழைய எஞ்சின்லருந்து நாலு சாமான மாத்திக்கலாம்."

"நாலு சாமானா?"

"ஆமாக்கா. பின்னாடி ஒரு மெல்லிசு பிளேட்டு இருக்கு. ஆட்டோ கியர்பாக்ஸ் அதுலதான் புடிக்கும். மேனுவல்ல அந்த எடத்துல கனமான வீல் இருக்கும், அது நமக்கு ஆவாது. அது கூட மேல..."

எனக்கு அதற்குமேல் காது கேட்கவில்லை. பழைய எஞ்சினில் கெட்டது தலை ஒன்றுதான். மற்றதெல்லாம் நல்ல சாமான். பிளேட்டு என்று ஆரம்பிப்பான், அது இது என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவான், கடைசியில் எனக்கு வெறும் இரும்புக்கூடு வந்து சேரும். கல்யாணச் செலவு வேறு கழுத்தைப் பிடிக்கிற நேரம் அவனுக்கு. இப்படித்தான் என் புத்தி ஓடியது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது கெட்டிக்காரத்தனமாக இருந்தது.

"பிளேட்டுன்னு சொன்னியே, பிளேட்ட மட்டும் எடுத்துக்க. மத்தது ஒரு திருகு கூட கழட்டாம எனக்கு வரணும். இந்த எஞ்சின்லயும் எதையும் கழட்டாத. வந்தது வந்தபடி போடு."

"அக்கா, அப்படி அப்படியே போட்டா..."

"போடுவியா, மாட்டியா?"

குனிந்து எஞ்சினின் பின்பக்கத்தை இன்னொரு முறை பார்த்தான். பிறகு "சரிக்கா" என்று தவுக்கேயிடம் பேசப் போய்விட்டான்.

அவன் பழைய எஞ்சினை இறக்கி வைத்த அன்றே லாரி பிடித்துக்கொண்டு போனேன். "கொஞ்ச நாளு இங்கயே கெடக்கட்டும்க்கா, வேல முடியட்டும்" என்றான். ஓஹோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். நின்று ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுப் பின்பக்கம் கான்வாஸ் போட்டு மூடி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வண்டியைக் கொடுத்தான். எஞ்சின் எண்ணை வண்டியின் பதிவு அட்டையில் மாற்றுவதற்கான காகிதம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் மூன்று முறை படித்துப் பார்த்தேன்.

"ஓடும்க்கா. ஆனா இன்னும் வேல முடியல. பத்து நாளு கழிச்சு ஒருக்கா கொண்டுவா."

"முடியாத வண்டிய ஏன்டா குடுக்குற?"

"தோட்டத்துக்குப் போவணும்னு மச்சான் சொன்னாரு. அதான்."

"என்ன முடியல?"

"ஒரு சாமான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டி குறைந்த நாளில் லாரிக்காரர்களும் என்னிடம் இப்படித்தான் தரையைப் பார்த்துப் பேசுவார்கள்.

மறுநாள் நெடுஞ்சாலையில் ஏறியதும் தெரிந்துவிட்டது. இரண்டாவது கியரில் ஏறி அதிலேயே உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் ஓலமிட்டது. காலை எடுத்தால் மூன்றாவதுக்கு ஒரு குதி குதித்துப் போகும். என் கணவர் தலையைக் கண்ணாடியில் இடித்துக்கொண்டார். பழைய எஞ்சின் இருந்தவரை அந்தக் கியர் மாறுவதே தெரியாது. எஞ்சினைத்தானே மாற்றச் சொன்னோம், நன்றாக இருந்த கியருக்கு என்ன வந்தது?

வீட்டுக்கு வந்ததும் சேலையோடு கீழே படுத்தேன். டார்ச் அடித்துத் தேடினேன். மூன்று புள்ளியும் இல்லை. ஒன்றுகூட இல்லை.

அடப்பாவி! என் நல்ல கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டு எவனுடையதையோ மாட்டிவிட்டான். உடம்பெல்லாம் எரிந்தது. எதற்கும் இன்னொருவர் வாயால் கேட்டுவிடலாம் என்று வேறொரு தாமான் குடியிருப்பில் ஒரு மலாய்க்காரப் போமனிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வயராக இருக்கலாம், சென்சாராக இருக்கலாம், கியர்பாக்ஸாகவும் இருக்கலாம் என்றார். "மாத்திப் போட்டிருப்பாங்களா?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கி "முங்கின்" என்றார். இருக்கலாம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையைத் தீர்ப்பு மாதிரி தூக்கிக்கொண்டு நேரே தம்பியின் பட்டறைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு மூன்று பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருடைய வேனுக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்தான் தம்பி. அவர் இருப்பதை நான் கவனிக்கவில்லை என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

"என் கியர்பாக்ஸ் எங்கடா?"

அவன் நிமிர்ந்தான். "காடிலதான் இருக்கு. ஏன்க்கா?"

"அதுல நான் வச்ச அடையாளம் இல்ல."

"அடையாளமா? என்ன அடையாளம்?"

நகப்பாலிஷைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டான், அதனால்தான் சுருங்குகிறது என்று நினைத்தேன்.

"நான் எதையும் தின்னர் ஊத்திக் கழுவிட்டுத்தான்க்கா மாட்டுவேன். அப்பத்தான் ஆயில் கசிஞ்சா தெரியும்."

"நல்லா கழுவுன! அக்கா தலைலயும் சேத்துக் கழுவிட்ட! சொந்தக்காரி கேக்க மாட்டான்னு தெகிரியம் ஒனக்கு. கூடப் பொறந்தவகிட்டயே திருடுறவன் நாளைக்கு யாருகிட்டத்தான் திருட மாட்ட?"

பெண்ணின் அப்பா எழுந்தார். "பிரேக் வேல அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு சக்கரம் அப்போதுதான் மாட்டி முடித்திருந்தது. தம்பி என்னைத் திட்டவில்லை, ஒரு சத்தம்கூடப் போடவில்லை. "வீட்டுக்குப் போக்கா" என்றான். அவ்வளவுதான்.

அன்று மாலை பெண்ணின் அப்பா என் கணவரைப் போனில் கூப்பிட்டார். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து யோசிக்கலாமா என்று பார்க்கிறார்களாம். அவர் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன், நல்ல பெண். தம்பி அவளோடு போனில் பேசும்போது குரலே மாறிப்போகும்.

"அவன் செஞ்சதுக்கு நான் என்ன பண்றது?" என்றேன். எனக்கே என் குரல் சரியாகப் படவில்லை.

என் கணவர் கோபப்படுகிற மனிதர் இல்லை. அன்றைக்குக் கோபப்பட்டார். "பொட்டு வச்சேன், பொட்டு வச்சேன்னு குதிக்கிறியே. நம்பரப் போட்டோ புடிச்சியே, அத ஒத்துப் பாத்தியா?"

அலமாக்! பார்க்கவில்லை. ஊர்ச் சாமானையெல்லாம் எண் ஒத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், சொந்தத் தம்பியைத் திருடன் என்று சொல்லுமுன் எண்ணை ஒத்துப் பார்க்கவில்லை. நகப்பாலிஷ் அழிந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

காலையில் முதல் வேலையாக அட்டையை விரித்துப் படுத்தேன். கைப்பேசியில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். கியர்பாக்ஸில் இருந்ததையும் படித்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி ஏழு வரை ஒன்றே. பக்கத்தில் திருகு மாட்டும் ஒரு காது உடைந்திருந்தது படத்தில், அதே காது இங்கேயும் உடைந்திருந்தது. என் கியர்பாக்ஸ்தான். எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தேன். கண்ணீர் காதுக்குள் போனது.

அப்புறம் ஏன் குதிக்கிறது? எழுந்து பானட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயில் ஒரு சின்னக் கறுப்புச் சென்சார். அதற்கு மூன்று வயர். பக்கத்திலேயே நான்காவது ஒரு வயர் எங்கும் சேராமல், நுனியில் டேப் சுற்றி, பத்திரமாகக் கட்டி வைத்திருந்தது. பின்பக்கம் போய்க் கான்வாஸை இழுத்தேன். பழைய எஞ்சினில் அதே இடத்தில் அதே சென்சார், ஆனால் நான்கு வயருக்கு. சாமான் எண்ணின் கடைசி இரண்டு எழுத்து வேறு. ஹாஃப் கட் கடையில் "மேல..." என்று அவன் ஆரம்பித்தது இதைத்தான். நான்தான் பேசவே விடவில்லை. இரண்டு திருகு. நானே கழற்றினேன்.

பட்டறையில் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவன் அதைப் பார்த்தான். "இதான்" என்றான். வாங்கிக்கொண்டு போய் மாட்டினான், டேப்பைப் பிரித்து வயரைச் சேர்த்தான், ஏதோ மீட்டர் வைத்து அளந்து அப்படி இப்படித் திருப்பினான். அரை மணி நேரம் ஆகியிருக்காது. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் தந்தான்.

"ஒனக்கு எப்பவே தெரியுமாடா?"

"மாட்டுறப்பவே தெரியும். மேனுவல் காடிக்குக் கியர் கம்ப்யூட்டர் கெடையாது, அதனால அந்த வயரும் கெடையாது. நம்ப கம்ப்யூட்டருக்கு, நீ கால எடுத்தியா மிதிச்சியான்னு சொல்ல ஆளில்ல. அதான் தடுமாறுது."

"அப்ப வந்து கேட்டிருக்கலாம்ல? எங்க வீட்டுலதான் கெடந்துச்சு!"

"வந்து கேட்டா, நீ என்ன நெனச்சிருப்ப?" என்றான். "அதுக்குப் பதிலா நாலு கடைல தேடிறலாம்னு தோணுச்சு. கெடைக்கல."

நான் என்ன நினைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். பார், சாமானுக்கு அடி போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்திருப்பேன். சத்தியமாக அப்படித்தான்.

"மன்னிச்சிர்றா தம்பி" என்றேன். அதுவரை வாழ்க்கையில் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"வேல கெடக்குக்கா" என்று இன்னொரு வண்டிக்கு அடியில் போய்விட்டான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் கிளம்பினேன்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே லாயாங் லாயாங் போனேன். வழியெல்லாம் கியர் மாறுவதே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக ஓடியதே எனக்கு வேதனையாக இருந்தது. பெண்ணின் அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "அவன் ஒரு திருகு கூட எடுக்கலண்ணே. தப்பு முழுக்க என் மேல. என் கியர்பாக்ஸ் என் காடிலதான் இருக்கு, நம்பர் இந்தா பாருங்க." கைப்பேசியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நம்பரெல்லாம் எனக்கு எதுக்கும்மா? நீங்க சொன்னதாலதான் நம்புனேன். கூடப் பொறந்தவங்க சும்மா சொல்லுவாங்களா?" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. தேதி மாறவில்லை என்று சொல்லிவிட்டு, டீ குடித்துப் போகச் சொன்னார்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. எனக்கு வேறு நெருப்புப் பிடித்துக்கொண்டது. முடிச்சு யார் போடுவார்கள்? தம்பி போனில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். என் பெரியம்மா மகள் ஒருத்தி திடீரென்று பட்டுச்சேலை எடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு எதற்கு இப்போது புதுப் பட்டு? அவனிடம் நேராகக் கேட்க வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் தட்டோடு வந்தான். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. என் கணவரிடம்தான் கொடுத்தான். "மச்சான், அக்காதான் முடிச்சு போடணும்" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

வாசல் கேட் சாத்தியதும் கேட்டேன். "மனசாரத்தான் சொன்னானா? இல்ல, ஒரே அக்காவ விட்டுட்டான்னு நாலு பேரு பேசுவாங்கன்னு சொன்னானா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லலயே."

"ஒன்னைத் திருத்த ஆண்டவனாலயும் ஆவாது" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு வாரமும் இதே நினைப்புத்தான். கோயில் மண்டபத்தில் பச்சைப் பட்டோடு பெண்ணுக்குப் பின்னால் நின்றபோதும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக் களை இருந்தது. என் பக்கம் திரும்பவில்லை. ஐயர் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் கொட்டியது, எல்லோரும் அட்சதை வீசினார்கள். அவன் குனிந்து முதல் முடிச்சுப் போட்டான். அவன் காது என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. என்னால் அடக்க முடியவில்லை.

"மனசாரத்தான் என்னைக் கூப்ட்டியாடா?"

அவன் முடிச்சிலிருந்து கையை எடுத்தான். திரும்பி, அத்தனை நாளில் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"இதையும் நம்பலையாக்கா நீ?"

நூலை என் கையில் கொடுத்தான். மேளக்காரர் நான் முடிப்பதற்காக என்னையே பார்த்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முடிச்சைப் போட்டேன், மூன்றாவதையும் போட்டேன். கை சும்மா இருக்கவில்லை, அவன் போட்ட முதல் முடிச்சையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.